இன்டர்காம் ஒயரிங்: பெட்டி வாங்கும் முன் ஒயரைக் கணக்குப் போடுங்கள்

இன்டர்காம் கரகரக்கிறது, கதவு திறக்க மறுக்கிறது என்றதும் சந்தேகம் முதலில் விழுவது சுவரில் தொங்கும் பெட்டி மேல்தான். அதே பெட்டியைக் கழற்றி மேஜையில் வைத்து, ஒரு மீட்டர் ஒயரில் இணைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கணீரென்று பேசும். கோளாறு நடுவில், சுவருக்குள் ஓடுகிற ஒயரில் இருக்கும். பெட்டியை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். பூச்சுக்குள் புதைந்துபோன மெல்லிய ஒயரை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும். அதனால் இங்கே மாடல், பிராண்ட் பற்றியெல்லாம் பேச்சில்லை. ஒயர், பூட்டுக்குப் போகும் கரண்ட், இரண்டையும் பத்திரமாக இழுத்து முடிப்பது, அவ்வளவுதான்.

எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். ஒயர் இன்டர்காம் என்ற ஒரே பெயரில் நாலு விதமான சாமான் கிடைக்கிறது, நாலுக்கும் ஒயர் வேறு வேறு. பழைய, எளிய வகை நாலு கம்பி: 12 வோல்ட் பாசிட்டிவ், பொது நெகட்டிவ், ஆடியோ, வீடியோ. இரண்டாவது, இரண்டே கம்பி பஸ் வகை. பவரும் பேச்சும் படமும் ஒரே ஜோடியில் போகும், பஸ்ஸில் 24 வோல்ட்டையொட்டி டிசி இருக்கும். மூன்றாவது ஐபி வகை. நெட்வொர்க் கேபிளில் ஓடும், பவரும் அதே கேபிளில் வரும், இந்த முறைக்குப் பெயர் பிஓஇ. நாலாவது, இபிஏபிஎக்ஸ் என்ற உள் தொலைபேசி இணைப்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஜோடி கம்பி போகும் டெலிபோன் வகை.

கடைசி வகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "டெலிபோன் லைன்தானே, ஷாக் அடிக்காது" என்று வெறுங்கையில் பிடிக்கிறார்கள். சும்மா இருக்கும்போது லைனில் 24 அல்லது 48 வோல்ட் டிசிதான். ஆனால் மணி அடிக்கும் நேரத்தில் அதே ஜோடியில் 75 வோல்ட்டுக்கு மேல் ஏசி வரும். ஏணியில் நின்றுகொண்டு அதைத் தொட்டால், ஷாக்கைவிட விழுந்து அடிபடுவதுதான் பெரிதாக இருக்கும். வேலை முடியும்வரை இபிஏபிஎக்ஸை அணைத்து வையுங்கள்.

0.5 என்றால் எந்த 0.5?

ஒயர் வாங்கும் இடத்திலேயே நடக்கிற தவறு ஒன்று உண்டு. இன்டர்காம் கையேட்டில் "0.5" என்று இருக்கும். கடையில் "0.5 கொடுங்க" என்று கேட்டு வாங்கி வந்துவிடுவார்கள். 0.5 மி.மீ. விட்டம் வேறு, 0.5 சதுர மி.மீ. பரப்பு வேறு. விட்டம் 0.5 மி.மீ. உள்ள டெலிபோன் கம்பியின் பரப்பு கிட்டத்தட்ட 0.2 சதுர மி.மீ.தான். அதாவது கையேடு பரப்பைச் சொல்லி, நீங்கள் விட்டத்தை வாங்கி வந்தால், வேண்டிய செம்பில் பாதிகூட உங்கள் கையில் இல்லை.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. வீட்டிலிருந்து கேட் 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேட்டில் 12 வோல்ட், 0.5 ஆம்ப் இழுக்கும் மின்பூட்டு. கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். எனவே கணக்கில் வரும் நீளம் 80 மீட்டர். இந்த "இரட்டிப்பு" மறந்துபோவதுதான் பாதிக் கேட்கள் திறக்காததற்குக் காரணம்.

விட்டம் 0.5 மி.மீ. கம்பி 100 மீட்டருக்குச் சுமார் 9 ஓம். 80 மீட்டருக்கு 7 ஓமுக்குக் கொஞ்சம் மேல். 0.5 ஆம்பால் பெருக்கினால் 3.5 வோல்ட் வழியிலேயே காலி. பூட்டுக்குப் போய்ச் சேர்வது 8.5 வோல்ட். 0.5 சதுர மி.மீ. கம்பி 100 மீட்டருக்கு 3.7 ஓம் அளவில் இருக்கும். 80 மீட்டருக்கு 3 ஓம், இழப்பு 1.5 வோல்ட், மிச்சம் 10.5. 1 சதுர மி.மீ. போட்டால் 80 மீட்டருக்கு 1.5 ஓம், இழப்பு 0.75 வோல்ட்தான், பூட்டுக்கு 11.25 கிடைக்கும். 12 வோல்ட் பூட்டுகளில் பல, பத்து சதவீதம் வரை கூடக் குறையத்தான் தாங்கும். 10.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் உத்தரவாதம் கிடையாது. ஆக மூன்றில் கடைசி ஒன்றுதான் தேறும்.

கறாராகப் பார்த்தால் பூட்டுக்குள் இருப்பது காயில். வோல்டேஜ் குறைந்தால் அது இழுக்கும் கரண்டும் குறையும். அதனால் உண்மை இழப்பு மேலே போட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். பரவாயில்லை, அந்தப் பக்கம் தவறினால் நஷ்டம் இல்லை. கேமராவும் ஸ்க்ரீனும் அப்படி இல்லை. உள்ளே ஸ்விட்சிங் ரெகுலேட்டர் (வரும் வோல்டேஜை வேண்டிய அளவுக்கு மாற்றும் சர்க்யூட்) இருந்தால் வோல்டேஜ் குறையக் குறைய அது கூடுதல் கரண்டை இழுக்கும், இழப்பு இன்னும் கூடும், ஒரு கட்டத்தில் படக்கென்று ரீஸ்டார்ட் ஆகும். பகலெல்லாம் நன்றாக இருந்து, இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும் வெளி யூனிட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான். இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரியத் தொடங்கும். அந்தக் கூடுதல் கரண்டை மெல்லிய ஒயர் தாங்காது.

செம்பு பூசிய அலுமினியம் என்று ஒரு கேபிள் சந்தையில் இருக்கிறது. மேலே பார்த்தால் செம்பு மாதிரியே இருக்கும். அதே பருமனுக்கு ஓம் ஒன்றரை மடங்குக்கு மேல். நாலு முறை வளைத்தால் ஒடியும், ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கி நாளடைவில் லூஸாகும். கண்டுபிடிக்க ஒரு துண்டு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தகரம் பூசிய செம்பும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். சுருள் வழக்கத்தைவிட லேசாக இருப்பதும் ஒரு அடையாளம். பிஓஇ ஓடும் இடத்தில் இந்த அலுமினியக் கேபிள் கூடவே கூடாது. கட்டுக்கட்டாகச் சேர்ந்து போகும் இடத்தில் சூடாகும்.

பூட்டுக்குத் தனி ஜோடி

நாலு கம்பி இன்டர்காமில் பலர் செய்வது: ஆடியோவுக்கும் வீடியோவுக்கும் இருக்கும் அதே பொது நெகட்டிவில் பூட்டின் நெகட்டிவையும் மாட்டிவிடுவது. ஒரு கம்பி மிச்சம். விளைவு, பூட்டு இழுக்கிற நேரத்தில் அரை ஆம்ப் அந்தப் பொதுக் கம்பி வழியாகத் திரும்பும். வெளி யூனிட்டின் கிரவுண்ட், உள் யூனிட்டின் கிரவுண்டிலிருந்து ஒன்று ஒன்றரை வோல்ட் விலகி நிற்கும். வீடியோ சிக்னலின் மொத்த உயரமே 1 வோல்ட்தான். படம் உருண்டு ஓடாமல் என்ன செய்யும்? ஸ்பீக்கரில் "டொக்" என்று இடி விழுவதும் இதனால்தான்.

எனவே பூட்டுக்குத் தனியாக இரண்டு கம்பி, குறைந்தது 1 சதுர மி.மீ. தூரம் அதிகமென்றால் இன்னும் நல்ல வழி, பூட்டுக்கான பவர் சப்ளையைப் பூட்டுக்குப் பக்கத்திலேயே, உள்புறம், மழை படாத பெட்டியில் வைப்பது. இன்டர்காமிலிருந்து ரிலேயை (சின்ன சிக்னலில் இயங்கும் சுவிட்ச்) இயக்கும் சிக்னல் மட்டும் நீண்ட தூரம் போகட்டும். அதில் ஓடும் கரண்ட் சொற்பம், இழப்பும் சொற்பம்.

டிசி பூட்டின் காயில் அணையும்போது எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜ் உதை கொடுக்கும். அது ரிலேயின் காண்டாக்டைத் தீய்க்கும், சில நேரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸையும் கெடுக்கும். மருந்து, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்று. பூட்டின் இரண்டு முனைக்கும் குறுக்கே, பூட்டுக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். டயோடில் வெள்ளிக் கோடு இருக்கும் பக்கம் பாசிட்டிவுக்கு. மாற்றிப் போட்டால் நேர் ஷார்ட், ஃப்யூஸ் போகும். பூட்டுக்குள்ளேயே இந்தப் பாதுகாப்பு இருந்தால் கையேட்டில் சொல்லியிருப்பார்கள், தனியாக வேண்டாம். ஏசியில் ஓடும் பூட்டுக்கு டயோடு கூடாது, அதற்கு வாரிஸ்டர், வோல்டேஜ் எகிறினால் அதைத் தாங்கி அடக்கும் பாகம்.

அடுத்தது பாதுகாப்பு விஷயம், பலரும் கோட்டைவிடும் இடம். வெளி யூனிட்டுக்குள்ளேயே பூட்டுக்கான ரிலே இருக்கும் மாடல்கள் உண்டு. ஒயரிங் சுலபம் என்று அதிலேயே பூட்டை மாட்டிவிடுகிறார்கள். தெருவில் நிற்கும் ஒருவன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பின்னால் வரும் இரண்டு கம்பியை ஒன்றாகத் தொட வைத்தால் கதவு திறந்துவிடும். காந்தப் பூட்டு (கரண்ட் இருக்கும்வரை காந்தம் கதவைப் பிடித்திருக்கும் வகை) என்றால் தொடக்கூட வேண்டாம், ஒரு கம்பியை வெட்டினால் போதும். பூட்டை இயக்கும் ரிலே எப்போதும் உள்பக்கம் இருக்க வேண்டும், உள் மானிட்டரிலோ தனி ரிலே மாட்யூலிலோ. வெளி யூனிட்டுக்குப் போகும் பைப்பில் பூட்டின் ஒயர் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

காந்தப் பூட்டுக்கும் ஸ்ட்ரைக் பூட்டுக்கும் (கதவின் நாக்கு மாட்டும் தகட்டை விடுவிக்கும் வகை) கரண்ட் போனால் நடப்பது நேர் எதிர். காந்தப் பூட்டு கரண்ட் போனால் விட்டுவிடும். ஸ்ட்ரைக் பூட்டில் பெரும்பாலானவை கரண்ட் போனால் பூட்டியே இருக்கும், உள்ளிருந்து கைப்பிடியால் திறக்கலாம். தீ விபத்தில் ஆட்கள் ஓடி வரவேண்டிய கதவில் என்ன போடுகிறீர்கள் என்பதை அழகு பார்த்து முடிவு செய்யாதீர்கள். காந்தப் பூட்டு போட்ட வெளியேறும் கதவில், உள்பக்கம் பூட்டின் பவரை நேரடியாக வெட்டும் பட்டன் ஒன்று கட்டாயம். இன்டர்காம் ஹேங் ஆனாலும் அந்தப் பட்டன் வேலை செய்ய வேண்டும். ஃபயர் அலாரம் இருக்கும் கட்டடத்தில் அலாரம் அடித்ததும் பூட்டின் பவர் தானாகத் துண்டிக்கப்படும்படி இணைக்க வேண்டும், அந்த இணைப்பைத் தெரிந்தவரைக் கொண்டே செய்ய வேண்டும்.

ஒயர் இழுப்பது

இன்டர்காம் ஒயர் மெயின் கரண்ட் ஒயருடன் ஒரே பைப்பில் போகவே கூடாது. "இன்சுலேஷன் இருக்கிறதே" என்ற சமாதானம் எடுபடாது. மெயின் ஒயரின் தோல் எங்காவது உரிந்தால், 12 வோல்ட் என்று நம்பிக் குழந்தை அழுத்தும் பட்டன் வரை மெயின் கரண்ட் வந்து நிற்கும். அதோடு இரைச்சல் வேறு. இணையாக ஓட வேண்டியிருந்தால் 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஜங்ஷன் பாக்ஸும் தனி. இரண்டும் ஒரே பெட்டியில் வந்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் தடுப்பு இருக்கும் பெட்டியாக வேண்டும்.

ஆடியோவுக்கு முறுக்கிய ஜோடி ஒயர் எடுங்கள். முறுக்கில் இரண்டு கம்பியும் மாறி மாறி இரைச்சலுக்குப் பக்கத்தில் வருவதால் இரண்டிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறும், மறுமுனையில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: சிக்னலும் அதன் திரும்பும் கம்பியும் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும். நீல ஜோடியில் ஒன்று, ஆரஞ்சு ஜோடியில் ஒன்று என்று எடுத்தால் முறுக்கினால் எந்தப் பயனும் இல்லை. டெஸ்டரில் தொடர்ச்சி சரியாகத்தான் காட்டும், காதில்தான் இரைச்சல் கேட்கும். சாதாரண டெஸ்டரை நம்பாமல், இந்தத் தவறைக் கலர் பார்த்துக் கண்ணால் பிடியுங்கள். ஷீல்டு கேபிள் என்றால், கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும், பவர் சப்ளை இருக்கும் பக்கம், எர்த்தில் மாட்டுங்கள். இரண்டு முனையிலும் மாட்டினால் ஷீல்டே கரண்ட் ஓடும் கம்பியாகி "ம்ம்ம்" என்று முனகத் தொடங்கும்.

பைப்பை நிரப்பித் திணிக்காதீர்கள். உள் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கேபிள் போனால் இழுக்கும்போது தோல் கிழியும். இரண்டு வளைவுக்கு ஒரு இழுப்புப் பெட்டி வைத்துவிடுவது என் பழக்கம். வெட்டிய பைப்பின் விளிம்பில் பிசிறு இருக்கும். விரலை விட்டுப் பார்த்து, கத்தியால் சீவிவிட்டு இழுங்கள். இழுவை இறுகினால் பலத்தைக் காட்ட வேண்டாம். நாலு ஜோடி நெட்வொர்க் கேபிள் தாங்கும் இழுவை 110 நியூட்டன், அதாவது 11 கிலோ தூக்குகிற பலம்தான். அதற்கு மேல் போனால் உள்ளே முறுக்கு நீண்டு கெட்டுவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. வழுக்கலுக்கு எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, பிவிசி தோல் கெடும். கேபிளுக்கென்றே விற்கும் ஜெல் போதும். வளைவில் கேபிளின் விட்டத்தைப் போல நாலு மடங்கு ஆரமாவது இருக்கட்டும்.

இழுக்கும்போதே இரண்டு விஷயம் கூடச் செய்துவிடுங்கள். குறைந்தது ஒரு ஜோடி உபரியாக. கூடவே ஒரு நைலான் கயிறு, பைப்பிலேயே கிடக்கட்டும். அடுத்த முறை இழுப்பவர் உங்களை வாழ்த்துவார், அந்த ஆள் அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள். வெளி யூனிட்டுக்குப் பின்னால் 20 முதல் 30 செ.மீ., பவர் சப்ளை பக்கம் ஒரு மீட்டர் தாராளமாக விடுங்கள்.

தரைக்கு அடியில் போகும் பைப்பில் தண்ணீர் நிற்கும். எவ்வளவு ஒட்டினாலும் நிற்கும், காற்றின் ஈரமே உள்ளே குளிர்ந்து நீராகும். எனவே அங்கே வீட்டுக்குள் போடும் சாதாரணக் கேபிள் ஆகாது. ஜெல் நிரப்பிய, கறுப்பு பாலிஎத்திலீன் தோல் கொண்ட வெளிப்புறக் கேபிள் வேண்டும். மண்வெட்டிக்கு எட்டாத ஆழத்தில் பைப்பைப் போட்டு, அதற்கு ஒரு சாண் மேலே எச்சரிக்கை டேப் ஒன்றும் பரப்பிவிட்டால் நாளைக்குத் தோண்டுபவர் நின்று யோசிப்பார். இரண்டு தனித்தனிக் கட்டடங்களுக்கு நடுவே செப்புக் கேபிள் போனால் இரண்டு முனையிலும் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எகிறல்) பாதுகாப்பு தேவை. பக்கத்தில் எங்கோ விழும் இடிகூட அந்த நீளக் கம்பியில் வோல்டேஜை ஏற்றிவிடும். ஐபி வகையாக இருந்தால் அந்த நடு தூரத்துக்கு மட்டும் ஃபைபர் போடுவதுதான் சுத்தமான தீர்வு. இடி மேகம் கண்ணில் பட்டால் அன்றைக்கு இந்த வேலையைத் தொடாதீர்கள்.

நடுவில் ஜாயின்ட் கூடாது. தவிர்க்கவே முடியாவிட்டால், திறந்து பார்க்கக்கூடிய பெட்டிக்குள், ஜெல் நிரப்பிய கனெக்டரில். முறுக்கி டேப் சுற்றியது வெளியில் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. ஈரம் பட்ட டிசி ஜாயின்டில் பாசிட்டிவ் கம்பிதான் முதலில் அரிக்கும், பச்சையாகப் பூத்து, பிறகு இழுத்தால் கையோடு வரும். பல புரி ஒயரின் நுனியில் ஈயம் வைத்து ஸ்க்ரூவில் முறுக்குவதும் நல்ல பழக்கம் இல்லை. ஈயம் மெதுவாக நசுங்கி, சில மாதத்தில் ஸ்க்ரூ லூஸாகும். நுனிக்குக் குழாய் மாதிரி ஃபெருல் போட்டு அழுத்துங்கள். தோலை 6 முதல் 8 மி.மீ. உரித்தால் போதும். உரிக்கும்போது கம்பியில் வெட்டு விழுந்தால் வெட்டி எறிந்து மறுபடி உரிக்கவும், அந்த வெட்டில்தான் பிற்பாடு ஒடியும்.

வெளி யூனிட்

கேமரா லென்ஸ் தரையிலிருந்து 1.5 முதல் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் நிற்பவர் முகம் சரியாக விழும். சக்கர நாற்காலியில் வருபவர்களும் பயன்படுத்தும் இடமென்றால் பட்டன் 1.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதற்கேற்ற அகலக் கோண லென்ஸாகப் பாருங்கள். காலையோ மாலையோ வெயில் நேரே லென்ஸில் அடிக்கும் சுவரைத் தவிருங்கள்.

சுவரில் துளை போடும்போது அதன் வெளி வாய் உள் வாயைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கும்படி டிரில்லைப் பிடியுங்கள், மழைநீர் உள்ளே வராது. துளைக்குமுன் அந்த இடத்தில் மெயின் ஒயரோ தண்ணீர்க் குழாயோ இல்லை என்று டிடெக்டரால் பாருங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் எப்போதும் சந்தேக இடம்தான். கண்ணாடியும் தூசி முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சிலிகான் பூசுவதில் ஒரு நுணுக்கம். மேல் விளிம்பும் இரண்டு பக்கமும் மட்டும் பூச வேண்டும். கீழ் விளிம்பைத் திறந்து விடுங்கள். எப்படியோ உள்ளே போன ஈரம் வெளியே வர வழி வேண்டும். நாலு பக்கமும் அடைத்த யூனிட்டைக் கழற்றினால் உள்ளே கண்ணாடி வியர்த்திருக்கும். கேபிள் வரும் பைப்பின் வாயை மட்டும் மெழுகு மாதிரியான அடைப்புக் களிம்பால் அடையுங்கள், ஈரக்காற்றும் எறும்பும் அந்த வழியாகத்தான் வருகின்றன. எறும்பு என்றால் சிரிக்காதீர்கள். ரிலே காண்டாக்டுக்கு நடுவே நசுங்கிய எறும்பு, பட்டனுக்குக் கீழே கூடு, இரண்டும் இன்டர்காமின் நிரந்தர நோய்கள். கேபிள் யூனிட்டுக்குள் நுழையுமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறட்டும், சொட்டும் நீர் அந்த வளைவிலேயே விழுந்துவிடும். மைக் துளையில் சிலிகான் அப்பிவிட்டு "ஒரு பக்கம்தான் கேட்கிறது" என்று யூனிட்டைத் திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

பவர்

பவர் சப்ளைக்குத் தனி எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்), ஆர்சிசிபி (கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) பாதுகாப்பில் இருக்கும் லைனிலிருந்து. மெயின் பக்க இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. அணைத்த பிறகும் மீட்டரை முதலில் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடி கரண்ட் இருக்கும் இடத்தில் பாருங்கள். நடுவில் மீட்டரே செத்திருந்தால் "கரண்ட் இல்லை" என்று பொய் சொல்லும். எம்சிபி மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள், வேறு யாராவது தூக்கிவிடாமல்.

பேட்டரி பேக்கப் வேண்டுமென்றால், 12 வோல்ட் 7 ஆம்ப்-மணி பேட்டரி, 0.5 ஆம்ப் இழுக்கும் காந்தப் பூட்டைக் கணக்குப்படி 14 மணி நேரம் தாங்கும். நடைமுறையில் 10 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பழசானால் அதுவும் குறையும்.

ஐபி வகையில் சாதாரண பிஓஇ போர்ட் 15.4 வாட் தரும், கேபிள் இழப்பு போகச் சாதனத்துக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். வெளி யூனிட், அதற்குள்ளிருந்து பூட்டு என்று இரண்டையும் இதிலேயே ஓட்டப் பார்த்தால் பல நேரம் எட்டாது. கேபிள் நீளம் 100 மீட்டருக்குள். அப்புறம், தெருவில் இருக்கும் அந்த யூனிட்டைக் கழற்றினால் உங்கள் வீட்டு நெட்வொர்க்கின் பிளக் ஒன்று வெளியே தொங்குகிறது என்று அர்த்தம். தனி விலேன் (மற்ற சாதனங்களிலிருந்து பிரித்த நெட்வொர்க் பகுதி) போட்டு, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டு கம்பி பஸ் போட்டால் ஒவ்வொரு மாடியிலும் ஷார்ட் பாதுகாப்புள்ள கிளைப் பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டில் ஆணி அடித்து ஒயர் ஷார்ட் ஆனால் மொத்தக் கட்டடமும் ஊமையாகும். வரிசையின் கடைசி மானிட்டரில் மட்டும் டெர்மினேஷன் சுவிட்சை, அதாவது லைன் இங்கே முடிகிறது என்று சொல்லும் சுவிட்சைப் போட வேண்டும். மறந்தால் படத்தில் நிழல் நிழலாக இரட்டை உருவம் தெரியும். மாடிக்கு மாடி ஒயர் போகும் துளையைத் தீ தடுக்கும் பொருளால் அடைப்பதையும் விட்டுவிடக் கூடாது, திறந்த துளை புகைக்குப் புகைபோக்கி.

சோதனை

எல்லாவற்றையும் சுவரில் மாட்டுமுன் மேஜையில் பரப்பி, குட்டி ஒயர்களில் இணைத்து, பேசி, பூட்டைத் திறந்து பாருங்கள். பிறகு வரும் கோளாறு பெரும்பாலும் ஒயரிலோ மாட்டிய விதத்திலோதான் என்று சொல்லலாம்.

ஒயர் இழுத்த பிறகு, எந்த யூனிட்டும் மாட்டாத நிலையில், தூர முனையில் ஒரு ஜோடியை ஒன்றாக முறுக்கி, இந்தப் பக்கம் ஓம் அளக்கவும். 40 மீட்டரில் 1 சதுர மி.மீ. ஜோடிக்கு 1.5 ஓம் வரவேண்டும், மீட்டர் கம்பியின் ஓமைக் கழித்துக்கொண்டு. 2.5 வந்தால் ஒன்று ஒயர் மட்டம், இல்லை எங்கோ ஜாயின்ட் மோசம். முறுக்கைப் பிரித்தபின் ஓம் முடிவிலியாகக் காட்ட வேண்டும். இன்சுலேஷன் டெஸ்டர் வைத்திருப்பவர்கள் 250 வோல்ட்டில் சோதித்து, குறைந்தது 0.5 மெகாஓம் வருகிறதா பார்க்கலாம். புது ஒயரில் அதைவிடப் பல மடங்கு வரும். யூனிட் மாட்டியிருக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தால் யூனிட் அங்கேயே காலி.

பூட்டுக்கான வோல்டேஜைப் பூட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது, பூட்டின் முனையில் அளக்க வேண்டும். சும்மா இருக்கையில் அளந்தால் எவ்வளவு மெல்லிய ஒயரும் 12 வோல்ட் என்றே காட்டும், கரண்ட் ஓடாத இடத்தில் இழப்பு எங்கிருந்து வரும்? வோல்டேஜ் சரியாக இருந்தும் ஸ்ட்ரைக் "டக்" என்று சத்தம் போட்டுவிட்டுத் திறக்காவிட்டால் கதவைக் கையால் லேசாக உள்ளே தள்ளிப் பாருங்கள். திறந்துகொண்டால் ஒயரில் குற்றமில்லை, கதவு நாக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறது. தகட்டை ஒன்றிரண்டு மி.மீ. நகர்த்தினால் தீரும்.

இரைச்சல் வந்தால் பவர் சப்ளையைக் கழற்றி 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 12 வோல்ட் யூனிட்டுக்குத்தான் இது. இரைச்சல் போய்விட்டால் குற்றம் சப்ளை பக்கம், பெரும்பாலும் அதன் கண்டென்சர் செத்திருக்கும். அப்படியே இருந்தால் மெயின் ஒயர் பக்கத்தில் ஓடுகிறது, அல்லது ஷீல்டு இரண்டு பக்கமும் எர்த்தில் இருக்கிறது. கீச்சென்று ஊளையிட்டால் அது ஒயர் சமாச்சாரம் இல்லை. ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறிச் சுற்றுகிறது, வால்யூமைக் குறையுங்கள், யூனிட்டுக்குள் மைக்கைச் சுற்றியுள்ள ரப்பர் இடத்தில் இருக்கிறதா பாருங்கள். யாரும் அழுத்தாமல் மணி அடித்தால் பட்டனுக்குள் தண்ணீர்.

முடித்ததும் எந்தக் கலர் கம்பி எதற்கு, எந்தப் பைப் எங்கே திரும்புகிறது, ஒவ்வொரு ஜோடிக்கும் அளந்த ஓம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, பவர் சப்ளைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பூச்சு பூசுமுன் பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடியைப் படமெடுத்து வைப்பதும் நல்லது. இரண்டு வருடம் கழித்து பூட்டு மக்கர் செய்யும்போது அதே ஜோடியை மறுபடி அளந்து, 1.5 ஓம் இருந்த இடத்தில் 4 காட்டினால், யூனிட்டைத் தொடாமல் நேரே கேட் பக்கத்து ஜாயின்டைத் திறந்து பார்க்கப் போகலாம்.